ஆறாவது கல்

காது இவ்வளவு லேசாகிவிடும் என்று பிரமநாயகி நினைத்திருக்கவில்லை. கழற்றுவதுதான் பெரும்பாடு, திருகு பிடித்துப்போய் வருஷக்கணக்காகிறது, சதையோடு பிய்த்துக்கொண்டுதான் வரும் என்று டவுனிலிருந்து ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. கடைக்காரர் பூதலிங்கம் அண்ணாச்சி ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயை விட்டு, ஊறட்டும் என்று காப்பி வரவழைத்துக் கொடுத்து, பிறகு சின்னக் குறடால் பிடித்து ஒரு திருப்புத் திருப்பியதில் இரண்டு கம்மலும் சமர்த்தாகக் கழன்று அவர் உள்ளங்கையில் போய் உட்கார்ந்துகொண்டன. இத்தனை காலம் குடியிருந்த இடத்தை விட்டுப் போகிறவர்கள் கொஞ்சம் முரண்டாவது பிடிக்க வேண்டாமா? அவளுக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. ஏசிக் காற்று காதுத் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் போவது மாதிரி இருந்தது. தொட்டுப் பார்க்கலாம் என்று கை போனது, பாதியில் நின்று, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டது. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. நகைக்கடைக்காரர்களுக்கு வேறு வேலை கிடையாது, எங்கே திரும்பினாலும் ஆளை ஆளுக்கே காட்டிக்கொண்டிருப்பார்கள். தொங்கிப்போன காதோடு அதில் யாரோ ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் வடிவு. பள்ளிக்கூடத்தில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த வடிவு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு உட்கார்ந்த டீச்சர் முகத்தோடு இருந்தாள். பெற்ற மகள் இல்லை. பிரமநாயகி இரண்டாந்தாரமாக வந்து ஏறிய வீட்டில் மூத்தாள் பகவதி விட்டுவிட்டுச் செத்துப்போன பிள்ளை. கம்மலும் மூத்தாள் விட்டுப்போனதுதான். இரண்டையும் ஒரே நாளில் கையில் கொடுத்தார்கள், அதில் ஒன்று இன்றைக்குக் கையை விட்டுப் போகிறது, அவ்வளவுதானே, இதில் என்ன இருக்கிறது என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

விற்கச் சொல்லி வடிவு ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் அவளும் அவள் மகளும் வாடகைக்கு இருக்கிற வீட்டை வீட்டுக்காரர் விற்கப்போகிறார்; நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லை வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டார். புருஷன் போனபிறகு அவள் ஒண்டியாக நின்று ஆளான வீடு அது. கையிலிருப்பதும் பேங்கில் தருவதும் போகக் கொஞ்சம் துண்டு விழுகிறது என்று போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி. கம்மலை வித்துருவோம் என்று பிரமநாயகிதான் சொன்னாள். மறுமுனையிலிருந்து "உங்க இஷ்டம் சித்தி" என்று மட்டும் வந்தது. நியாயமான விலை கிடைத்தால் வீடு. இல்லையென்றால் பானை சட்டியை ஏற்றிக்கொண்டு அந்தப் பிள்ளை மறுபடி வீட்டுக்கு அலைய வேண்டும். நியாயமான விலை என்று வாயால் சொல்வது சுலபம். முதலில் போன கடையில் ஒருத்தன் பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அவள் காதருகே குனிந்து, பட்டை தீட்டினது பழைய மாதிரி, இப்போது யாரும் கேட்பதில்லை, உள்ளே புள்ளி இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனான். பெண் பார்க்க வந்து சொஜ்ஜி பஜ்ஜியும் தின்றுவிட்டு, நிறம் கம்மி, வயசு கூட என்று சொல்லியனுப்புகிறவர்களின் அதே குரல். அவளை அப்படி எத்தனை பேர் சொல்லிவிட்டுப் போனார்கள், அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே இரண்டாந்தாரத்துக்கு வந்து நின்றது. இரண்டாவது கடையில் பணமாகத் தரமாட்டோம், புதுநகை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பூதலிங்கம் அண்ணாச்சிதான் மனுஷனாகப் பேசினார். நல்ல வைரக்கல், நீலம் ஓடுது, இப்படிக் கல் கிடைப்பது கஷ்டம் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார், விற்க வந்தவர்களிடம் எந்த வியாபாரி இதைச் சொல்வான். ஆனால் கல்லைப் பதித்துப் பின்பக்கம் தங்கத்தால் மூடிய பழைய கட்டடம். கல்லின் ஆழம் தெரியாது. தெரியாததற்குக் குத்துமதிப்பாகத்தான் விலை போட முடியும், தனக்கு அடிபடாத மாதிரி குறைத்துத்தான் போட வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். கல்லைக் கழற்றி உங்கள் கண்முன்னால் தராசில் வைத்தால் உள்ளதற்கு உள்ளபடி. "ஆனா ஒண்ணும்மா. கட்டடம் பிரிச்சா பிரிச்சதுதான். பொறவு மனசு கேக்கலைன்னு வந்தீங்கன்னா கல்லைத்தான் குடுக்க முடியும், கம்மலைக் குடுக்க முடியாது." பிரமநாயகி வடிவைப் பார்த்தாள். வடிவு இவளையும் பார்க்கவில்லை, கம்மலையும் பார்க்கவில்லை. "கழத்துங்க" என்றாள்.

எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டாள். கழத்துங்க. சைக்கிள் சக்கரத்தைக் கழற்றச் சொல்கிற மாதிரி. பெற்ற தாயின் நகை, தாயின் முகமே ஞாபகம் இல்லாத பிள்ளைக்கு மிஞ்சியிருந்த ஒரே அடையாளம். ஒரு பெருமூச்சு, ஒரு தடவை கையில் வாங்கிப் பார்ப்பது, ஒன்றும் கிடையாதா? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் ஆசாரி குனிந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டார். சன்னமாக டிக் டிக் என்று கேட்கிறது, அல்லது கேட்பதாக இவளுக்குத் தோன்றுகிறது. உலோகத்தில் உளி படுகிற ஒவ்வொரு தடவையும் காதுமடல் சுருக்கென்றது. கம்மல் அங்கே, வலி இங்கே. பகவதிக்கு வலிக்குமோ? அந்த நினைப்பு வந்ததும் பழைய பயம் மூலையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அனுமதி வாங்காத நகை இது. உலகத்தில் உயிரோடிருக்கிறவர்களில் அது பிரமநாயகி ஒருத்திக்குத்தான் தெரியும். கல்யாணமாகி வந்த மறுநாள் மாமியார் பூக்கட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தாள். மூத்தாள் நகையை இளையாள் போடுவதென்றால் கேட்காமல் போடக்கூடாது, சுமங்கலியாகச் செத்துப்போனவள், கோபித்துக்கொண்டால் குடும்பம் தாங்காது. பகவதியின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, சேலை ரவிக்கை வைத்து, வாழையிலைத் துண்டில் மடித்த இரண்டு பொட்டலங்களை வைத்தாள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி என்று சொன்னாள். வெள்ளை வந்தால் சம்மதம். எடுப்பதற்கு ஒன்றும் தெரியாத பிள்ளைதானே வேண்டும், வடிவைத்தான் கூப்பிட்டார்கள். நாலு வயசு, ஒரு கை விரல் வாயில், மறு கையால் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துப் பாட்டியிடம் கொடுக்காமல் நேராகப் புதுப்பெண்ணிடம் கொண்டுவந்து நீட்டினாள். பிரித்தால் வெள்ளை. சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள், இவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாயங்காலம் பூசை சாமான்களை ஒதுக்கும்போது மற்றப் பொட்டலத்தைச் சும்மா, வெறும் கைத்துறுதுறுப்பில், பிரித்துப் பார்த்தாள். அதிலும் நந்தியாவட்டை. வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். வந்து இலையோடு வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, திட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை. "செத்தவகிட்டக் கேக்கது மரியாதை. பதில நாமதாம்ளா சொல்லிக்கிடணும்" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரிய கெட்டிக்காரி. அவளுக்கென்ன, கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிவிட்டுப் போய்ச்சேர்ந்தாள், காதில் போட்டுக்கொண்டு அல்லாடியது யார்? வயிற்றில் ஒன்று தங்காமல் கலைந்தபோது இதனால்தானோ என்று நினைத்தாள். இரண்டாவதும் கலைந்தபோது இதனால்தான் என்றே முடிவுகட்டினாள். வருஷம் தவறாமல் ஆடி வெள்ளியில் மூத்தாளுக்குப் புதுச்சேலை வைத்துப் படைத்து, அக்கா, நான் கேட்டு எடுக்கலை, எனக்குக் குடுத்தாங்க, கோவிச்சுக்காதீங்க என்று விழுந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள், இன்றுவரைக்கும். இன்றைக்குத்தான் நிஜமாகக் கேட்டது மாதிரி இருந்தது, பகவதியிடம் இல்லை, பகவதி மகளிடம். பதிலும் வந்துவிட்டது. பிரித்துப் பார்க்க மற்றப் பொட்டலம்தான் இல்லை.

ஆனால் அந்தப் பிள்ளை ராத்திரியில் அந்தக் கம்மலைப் பிடித்துக்கொண்டுதானே தூங்கும். வந்த புதிதில் பக்கத்திலேயே வராது, பாட்டி சேலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும். சித்தி என்று சொல்லு என்றால் உதட்டைப் பிதுக்கும். ஒருநாள் காய்ச்சல் கண்டு அனத்திக்கொண்டு கிடந்தபோது பக்கத்தில் படுத்தாள், சூடான சின்னக் கை ஒன்று இருட்டில் கழுத்தைத் தடவி, கன்னத்தைத் தடவி, காதில் வந்து கம்மலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அன்றைக்கு அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, மறுநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது புல்லரிப்பு இறங்கி யோசனை ஏறிவிட்டது: காதையா பிடித்தாள், கம்மலையா? இந்தக் கம்மலைப் பகவதி காதில் பிடித்துக்கொண்டுதானே அதுவரைக்கும் தூங்கியிருக்கும். பிள்ளைக்குத் தெரிந்த வீடு அது, காது யாருடையதாக இருந்தால் என்ன. இந்தக் கேள்வியை அன்றைக்குத் தூக்கிச் சுமந்தவள்தான், இறக்கி வைக்கவே இல்லை. ஏழு கல், சுற்றி ஆறு, நடுவில் ஒன்று. பிள்ளை எண்ணிக்கொண்டே தூங்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, மறுபடியும் ஒண்ணு. அதுக்கு அஞ்சுக்கு மேல் தெரியாது. ஆறு, ஏழு என்று விரலைப் பிடித்துக் கல்லில் வைத்து இவள் சொல்லிக்கொடுப்பாள். ஏழு சொல்லி முடித்தால் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், சித்தி போய் மாவாட்ட வேண்டும் என்று பேச்சு. எங்கே, அஞ்சு வந்ததும் விரல் நின்றுவிடும், திரும்ப ஒண்ணு. மந்தமோ என்று கவலைப்பட்டு ஒண்ணாப்பு டீச்சரிடம் போய்க் கேட்டாள். என்னம்மா சொல்லுதீங்க, நூறு வரைக்கும் தப்பில்லாம சொல்லுதாளே என்றாள் அந்த டீச்சர். அன்றைக்குத் திரும்பி வரும்போது தெரு முழுக்க வெயில், செருப்பு வேறு அறுந்துபோனது, இவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தெரியாமலில்லை, இவள் சொல்லிக்கொடுத்ததை வாங்கிக்கொள்ளப் பிடிக்கவில்லை. பகவதி அஞ்சு வரைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுச் செத்திருப்பாள். ஆறாவது கல் அவளுக்காகக் காத்திருக்கிறது. வேற்று மனுஷி சொல்லி அதைத் தாண்டமாட்டாள். அதற்குப் பிறகு இவளும் திருத்துவதை விட்டுவிட்டாள். அஞ்சும் ஒண்ணும், அஞ்சும் ஒண்ணுமாக மாவு காத்துக்கொண்டு கிடக்கும், அந்த விரல் தளர்ந்து விழுகிறவரைக்கும் அப்படியே கிடப்பாள். கை மரத்துப்போகும். சந்தோஷமாகவும் இருக்கும், அதைச் சொல்லாவிட்டால் பொய். வடிவுக்குப் பதிமூணு வயசில் அப்பா போனார். பதினாறாம் நாள் பூவையும் பொட்டையும் எடுக்க வந்த பெண்டுகள் கம்மலையும் கழற்றச் சொன்னபோது, எங்கிருந்தோ ஓடிவந்து இரண்டு உள்ளங்கையாலும் இவள் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள் வடிவு, ஒருத்தியையும் கிட்டே விடவில்லை. அம்மா நகை போய்விடுமோ என்று பிள்ளை பதறுகிறது என்றார்கள். இவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வதுதான் பத்திரம், அதிகமாக ஆசைப்பட்டுவிட்டுப் பிறகு ஏமாறுவதைவிட.

"எண்ணிப் பாத்துக்கிடுங்க" என்று அண்ணாச்சி ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து விரித்தார். கல்லெல்லாம் கழுவி வந்திருந்தது. காதில் இருந்தவரை ஒரே குடும்பமாக இருந்ததுகள், இப்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தன. ஆனால் என்ன வெளிச்சம், அழுக்கும் எண்ணெயும் போய், ஒவ்வொன்றும் இத்தனை காலம் எதையோ அடக்கிக்கொண்டிருந்த மாதிரி. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் காலிக் கூடுகள் இரண்டு, குழி குழியாக. கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் கறுப்பாகப் பொடி. என்ன என்று கேட்டாள். கட்டடத்துக்குப் பின்னால் சேர்ந்த அழுக்கம்மா என்றார் அண்ணாச்சி. மஞ்சள், சந்தனச் சோப்பு, வேர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், எல்லாம். பகவதியுடையது எவ்வளவு, தன்னுடையது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை விரலின் அழுக்கும் அதில் இருக்கும். வடிவு குனிந்து, பேனா மூடியால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. பிரமநாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எதற்கென்று அவளுக்குத்தான் தெரியும். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு என்று டீச்சரம்மா தடங்கலில்லாமல் பதினாலு வரைக்கும் போய் நிறுத்தினாள். ஆறில் ஒரு நொடி நிற்கக்கூட இல்லை. மறந்துதான் போயிருக்கும், பின்னே, நாப்பது வயசு தாண்டியவள் ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பாளா, என்ன பேத்தல். தராசில் வைத்தார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்காற்றுக்கே ஆடுகிற தராசு. அண்ணாச்சி ஒரு விலை சொன்னார், மூடின கம்மலுக்குச் சொன்னதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே கூட. வடிவு நிதானமாக, சத்தம் கூட்டாமல், காலிக் கூடுகளின் தங்கத்துக்கு இன்றைய விலை போடவில்லையே என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அதையும் சேர்த்தார். போதும். துண்டு விழுந்தது அடைந்து கையில் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். வீடு முடிந்தது. நியாயமான விலை என்றால் என்ன என்று இத்தனை நாள் கவலைப்பட்டது இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோனதில் பிரமநாயகிக்கு ஒரு மாதிரியாக இருந்தது, தேடி வந்த வீட்டில் ஆளில்லாத மாதிரி. பணம் வடிவின் பேங்குக் கணக்குக்குப் போயிற்று. அண்ணாச்சி கும்பிட்டு வாசல்வரை வந்து விட்டார்.

வெளியே வந்தால் வெயில் மொட்டையாகக் காதில் விழுந்தது. என்னை டவுன் வீட்டில் இறக்கிவிட்டுப் போ என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் வடிவு ஆட்டோக்காரரிடம் பாளையங்கோட்டை என்று சொல்லியாகிவிட்டது. இன்னைக்கு நம்ம வீட்டுல இருங்க, அட்வான்ஸ் குடுக்கையில நீங்களும் நிக்கணும் என்றாள். நம்ம வீடு. வாய்தவறி வந்திருக்கும். ஆட்டோ ஜங்ஷன் நெரிசலில் ஊர்ந்தது, ஹாரன் சத்தமெல்லாம் காதுக்குள் கூடுதலாகக் கேட்கிற மாதிரி ஒரு பிரமை. இனிமேல் மூத்தாளுக்குப் படைக்கும்போது என்ன சொல்வது? அக்கா, உங்க நகை உங்க பிள்ளைக்கு வீடாயிட்டு, அதிலே வேலையத்த ஒரு காது மட்டும் எங்கிட்ட மிச்சம் என்று சொல்லலாம். கம்மலும் இல்லாத சித்தி யாருக்கு என்ன உறவு என்று நினைப்பு ஓடியது. ஓடட்டும் என்று விட்டாள், பிடித்து நிறுத்தத் தெம்பில்லை. வடிவு ராத்திரியெல்லாம் தூங்கியிருக்கவில்லை போலிருக்கிறது, கண்ணை மூடித் தலையை இவள் தோளில் சாய்த்திருந்தாள். கனமான தலை. கொஞ்சம் கழித்து ஒரு கை மேலே வந்தது, கழுத்தைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, காதுமடலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டது. ஒன்றுமில்லையே அங்கே, தாயி, தொளதொளவென்று வெறும் சதைதானே, தூக்கத்தில் மறந்துபோய்த் தேடுகிறாள், இப்போது விழித்துக்கொள்வாள், கையை எடுத்துக்கொள்வாள். விரல் எதையும் தேடவில்லை. தூங்கவும் இல்லை. மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழுத்து. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று வடிவு சொன்னாள், கண்ணைத் திறக்காமல். பிறகு, "ஒண்ணு."

"ஆறு" என்றாள் பிரமநாயகி. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தெரியும் சித்தி. அப்பமே தெரியும். ஏழு சொல்லிட்டா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்கல்லா."

ஆட்டோ ஆற்றுப்பாலத்தில் ஏறி, இறங்கி, முருகன்குறிச்சி தாண்டி, எந்தெந்தத் தெருவிலோ திரும்பியது. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இறங்குங்கம்மா என்று ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தபிறகும் பிரமநாயகி எழுந்திருக்கவில்லை.